பிள்ளையைக் கேட்டீர்களா? ஒரு கேள்வி பிறந்த கதை

"அப்பாகிட்ட இருக்கியா, அம்மாகிட்ட இருக்கியா?" விவாகரத்து நடக்கும் வீடுகளில் சித்தியும் பெரியப்பாவும் பக்கத்து வீட்டு ஆயாவும் பிள்ளையிடம் வெகு சுலபமாகக் கேட்டுவிடும் கேள்வி இது. நீதிமன்றம் இதைக் கேட்கக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இந்தக் கேள்வி ஏறியது 1890இல். கேட்காமல் விட்டால் தீர்ப்பே கவிழ்ந்துவிடும் என்று ஊருக்குத் தெரிந்தது 1914இல். தெரியவைத்தது, செங்கல்பட்டு ஜில்லா நீதிமன்றத்தில் போடப்பட்ட ஒரு வழக்கு.

செங்கல்பட்டு என்றதும் இது வேறு மாவட்டத்துச் சங்கதி என்று திருவள்ளூர்க்காரர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். அதற்கு முன் திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு ஜில்லாவின் தாலுகாக்கள். அடையாறும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர், காப்பாண்மையர் சட்டப்படி பிள்ளை விவகாரத்தை விசாரிக்க வேண்டியது ஜில்லா நீதிமன்றம். ஆகவே 1912இல் கும்மிடிப்பூண்டியில் ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட நினைத்திருந்தாலும் செங்கல்பட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அடையாற்றுத் தகப்பன் ஒருவர் போனார்.

அவர் பெயர் ஜிட்டு நாராயணய்யா. மதனப்பள்ளிக்காரர், தெலுங்குப் பிராமணர், ஓய்வுபெற்ற தாசில்தார், பிரம்மஞான சபை உறுப்பினர். 1905இல் மனைவி இறந்துபோனார். 1909 தொடக்கத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடையாற்றில் சபைத் தலைமையகத்துக்குப் பக்கத்தில் குடியேறினார். சபையில் ஒரு எழுத்து வேலையும் கிடைத்தது. அந்த ஆண்டே சபையின் முக்கியப் புள்ளியான சி. டபிள்யூ. லெட்பீட்டர், கடற்கரையில் விளையாட வந்த அவருடைய மகன் ஒருவனைக் கவனித்தார். உலகத்துக்கு வரப்போகும் ஆசானுக்கு வாகனமாகப் போகிறவன் இவன்தான் என்று அறிவித்தார். மெலிந்த உடம்பு, பள்ளியில் மந்தமான பிள்ளை என்று பெயர், அடியும் கிடைக்கும். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவரும் தம்பி நித்யானந்தாவும் சபையின் பராமரிப்புக்குள் போனார்கள். வேறு உணவு, வேறு உடை, வீட்டிலேயே ஆங்கில ஆசிரியர்கள்.

1910 மார்ச்சில் நாராயணய்யா ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். இரு பிள்ளைகளுக்கும் சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் காப்பாளராக இருக்கச் சம்மதம் என்பது அதன் சாரம். தாயில்லாப் பிள்ளைகளுக்குப் படிப்பும் வசதியும் கிடைக்கும் என்று ஒரு தகப்பன் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் நாளாக ஆக அவருக்கு உறுத்த ஆரம்பித்தது. பிள்ளைகள் வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சாதி ஆசாரம் போயிற்று. 1911இல் மூத்தவனைத் தலைவராக்கிக் கிழக்கில் தோன்றும் நட்சத்திரம் என்று ஓர் அமைப்பே தொடங்கினார்கள். பெரிய மனிதர்கள் அவன் காலில் விழுந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், லெட்பீட்டரின் நடத்தை பற்றிய பேச்சு. பிள்ளைகளை அவரிடமிருந்து விலக்கிவையுங்கள் என்று கேட்டார் தகப்பன். 1912 பிப்ரவரியில் பெசன்ட் அம்மையார் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். படிப்பு முடித்து ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ப்பது திட்டம். (கடைசிவரை ஆக்ஸ்ஃபோர்டு சேர்த்துக்கொள்ளவே இல்லை என்பது வேறு கதை.)

1912 அக்டோபரில் செங்கல்பட்டில் வழக்குப் பதிவாயிற்று. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தகப்பனுக்காக வாதாடியவர்களில் ஒருவர் சி. பி. ராமசாமி அய்யர். பெசன்ட் அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். கோர்ட்டில் இத்தனை எதிராக நின்ற சி.பி., நாலைந்து ஆண்டுகளில் அதே அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் முன்வரிசையில் இருந்தார். பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். சென்னை வக்கீல் உலகம் அப்படி.

1913 ஏப்ரல் 15 அன்று நீதிபதி பேக்வெல் தீர்ப்புச் சொன்னார். லெட்பீட்டர் மீதான குறிப்பிட்ட குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. ஆனாலும் பையன்களை வளர்க்க அவர் தகுதியானவர் அல்ல. பிள்ளைகள் நீதிமன்றத்தின் காப்பில் இருப்பவர்கள்; மே மாதம் 26ஆம் தேதிக்குள் அவர்களைத் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும். வேடிக்கை, செலவுத்தொகையை ஜெயித்த தகப்பன் தலையிலேயே கட்டினார். பெசன்ட் மேல்முறையீடு செய்தார். உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும் அதே ஆண்டில் அதைத் தள்ளியது.

இந்தக் கட்டத்தில் வழக்குக் கட்டைப் புரட்டுகிறவருக்கு ஒரு விஷயம் முகத்தில் அறையும். தகப்பன் இருக்கிறார். காப்பாளர் இருக்கிறார். வேதாந்தம், சாதி, ஒழுக்கம், ஒப்பந்தம் எல்லாம் இருக்கின்றன. யாருக்காக வழக்கோ அந்த இரண்டு பேர் மட்டும் இல்லை. பேக்வெல் தீர்ப்பின்போது மூத்தவருக்குப் பதினேழு முடிந்து பதினெட்டு நடந்துகொண்டிருந்தது, இளையவருக்குப் பதினான்கு. அவர்கள் சார்பில் யாரும் நிற்கவில்லை. நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இங்கிலாந்தில் இருப்பவர்களைக் கூட்டிவந்து ஒப்படை என்று சென்னையில் உத்தரவு எழுதப்பட்டது.

சட்டத்தில் அதற்கு வழி இல்லாமல் இல்லை. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, காப்பாளரை நியமிக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அடுக்குகிறது. பிள்ளையின் வயது, ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா, மதம், காப்பாளரின் குணமும் தகுதியும், உறவின் நெருக்கம், இறந்துபோன பெற்றோரின் விருப்பம். பிறகு மூன்றாவது உட்பிரிவாக ஒரே ஒரு வரி: விவரம் தெரிந்து விருப்பத்தைச் சொல்லும் வயது பிள்ளைக்கு வந்திருந்தால், நீதிமன்றம் அந்த விருப்பத்தைக் கவனத்தில் கொள்ளலாம். எத்தனை வயது என்று எண் போடவில்லை. கொண்டே ஆக வேண்டும் என்றும் கட்டளையிடவில்லை.

அந்தக் காலத்துக்கு அது கொஞ்சம் துணிச்சலான வரிதான். ஏழே ஆண்டுகளுக்கு முன்னால், 1883இல், இங்கிலாந்தில் அகர்-எல்லிஸ் வழக்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். தகப்பன் புராட்டஸ்டண்ட், தாய் கத்தோலிக்கர். பதினாறு வயதுப் பெண், விடுமுறையைத் தாயோடு கழிக்க அனுமதி கேட்டாள். நீதிபதிக்குத் தானே கடிதமும் எழுதினாள். தகப்பன் கூடாது என்றார். தகப்பனின் அதிகாரத்தில் தலையிட மாட்டோம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. அந்த அமர்வில் இருந்த பிரெட் என்ற நீதிபதிதான் பிறகு எஷர் பிரபு ஆனார். அதே எஷர் பிரபு 1893இல் கிங்கால் வழக்கில் நேர் எதிரான திசையில் போனார். பிழைப்புக்காக ஊர் ஊராக அலைந்த ஓர் ஏழைத் தாய், வேறொரு பெண்மணியின் பராமரிப்பில் இருந்த பதினைந்து வயது மகளைத் திருப்பிக் கேட்டாள். தாயிடம் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் பெண்ணின் நலமே பெரிது, விவரம் தெரிந்த அவளுடைய விருப்பத்துக்கும் எடை உண்டு என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது. பத்தே ஆண்டுகளில் ஒரு நீதிபதி இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறார். இந்தியச் சட்டத்தின் அந்த ஒற்றை வரி இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் பிறந்தது.

பிறந்ததே தவிர, எழுந்து நடக்கவில்லை. 1913இல் சென்னையில் நடந்ததே அதற்குச் சாட்சி.

வழக்கு, அன்றைக்கு நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இந்தத் தடவை பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. இந்தியாவுக்குத் திரும்ப விருப்பமில்லை என்று அவர்கள் தரப்பிலிருந்தே மனு வந்தது. 1914 மே மாதம் பார்க்கர் பிரபு வாசித்த தீர்ப்பு, சென்னையில் நடந்த அத்தனையையும் ஒதுக்கித் தள்ளியது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு சங்கதிகள் நமக்கு முக்கியம். முதலாவது, எந்த ஊர் நீதிமன்றம் என்பது. பிள்ளை வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தின் ஜில்லா நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்கிறது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. வழக்குப் போட்ட அன்று பையன்கள் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் அங்கே இருப்பவர்களைச் செங்கல்பட்டுவாசிகள் என்று சொல்ல முடியாது. வழக்கை மாற்றி வாங்கிய உயர் நீதிமன்றத்துக்கும் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு இருந்த அதிகாரம்தான் உண்டு; அங்கே இல்லாதது இங்கே முளைக்காது. தகப்பனுக்கு வேண்டுமானால் இங்கிலாந்து நீதிமன்றத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவதுதான் நம் கதையின் பிரசவ வலி. பிள்ளைகளின் நலனை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, அவர்கள் வழக்கில் தரப்பாகவே இல்லை, அவர்களுடைய விருப்பம் அறியப்படவில்லை என்றது பிரிவி கவுன்சில். வளர்ந்த பையன்களை, அவர்கள் வர மாட்டேன் என்னும்போது கப்பலேற்றிக் கொண்டுவந்து ஒப்படை என்று ஒருவருக்கு எப்படி உத்தரவிட முடியும்? அப்படி இழுத்துவர முயன்றால் இங்கிலாந்து நீதிமன்றமே ஆட்கொணர்வு ஆணை போட்டுத் தடுத்திருக்கும். நினைவில் கொள்ளுங்கள்: தகப்பனின் உரிமையை அந்தத் தீர்ப்பு மறுக்கவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்ததாலேயே காப்பாளர் பொறுப்பு நிரந்தரமாகக் கைமாறிவிடாது, தகப்பன் அதைத் திரும்பப் பெறலாம் என்றுதான் சொன்னது. ஆனால் அந்த உரிமை பிள்ளையின் நன்மைக்காகக் கையில் கொடுக்கப்பட்ட பொறுப்பு. ஒருவரிடம் ஒப்படைத்து, பிள்ளை அங்கே வேர்விட்ட பிறகு பிடுங்குவதால் பிள்ளைக்குக் கேடு என்றால், திரும்பப் பெறுவதை நீதிமன்றம் தடுக்கலாம்.

இன்றைக்கும் காப்பாளர் வழக்குகளில் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். பெயர்: அன்னி பெசன்ட் எதிர் நாராயணய்யா.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்ததும் மிகவும் சங்கடப்படுத்துவதும் ஒரே இடம்தான். கேள்வி பிறந்த அதே நாளில் அதற்கான சந்தேகமும் இரட்டைப் பிள்ளையாகப் பிறந்துவிட்டது. பையன்கள் வர மாட்டேன் என்றார்கள். அது யாருடைய குரல்? பத்து வயதில் தாயை இழந்தவன் கிருஷ்ணமூர்த்தி. பெசன்டை ‘அம்மா’ என்றுதான் அழைத்தான். ஐந்து வருஷமாக அவன் சாப்பிட்டது, உடுத்தியது, படித்தது, கனவு கண்டது எல்லாமே சபை கொடுத்தது. நீதான் உலகத்தின் ஆசான் என்று நாள்தோறும் காதில் ஓதப்பட்ட பையனிடம், ஓய்வுபெற்ற தாசில்தார் வீட்டுக்குத் திரும்புகிறாயா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? சொல்லிக்கொடுத்துச் சொன்னானா, சொந்தமாகச் சொன்னானா? பிரிவி கவுன்சில் அதற்குள் போகவில்லை, போக வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

காலம் மட்டும் ஒரு பதில் வைத்திருந்தது. நித்யானந்தா 1925 நவம்பரில் கலிஃபோர்னியாவில் காசநோயால் இறந்தார். அதற்கு முந்தின ஆண்டே தகப்பன் போய்ச் சேர்ந்திருந்தார். 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தில் ஓமன் என்ற ஊரில் கிருஷ்ணமூர்த்தி, தன்னைத் தலைவராக்கி உருவாக்கிய அந்த அமைப்பைத் தானே கலைத்தார். பெசன்ட் அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டில் இருக்க விரும்பிய இடத்தை முப்பத்துநாலில் உதறினார். ஆகவே பிள்ளையின் விருப்பம் பொய் என்று வாதிட முடியாது. விருப்பத்துக்கு வயது உண்டு, அது மாறும், அவ்வளவுதான்.

சட்டம் இந்த மாறுதலை எப்போது புரிந்துகொண்டது? அதற்கு இன்னொரு சென்னை வழக்கு வர வேண்டியிருந்தது. நடுவில் சுதந்திர இந்தியா இரண்டு காரியம் செய்தது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பிள்ளையின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவற்றுக்கு உத்தரவிடும்போது முடிந்தவரை பிள்ளைகளின் விருப்பத்துக்கு ஒத்துவரும்படி செய்யச் சொன்னது. விவாகரத்து முடிந்த பிறகும் மனுப் போட்டால் அந்த உத்தரவை மாற்றலாம், நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம் என்று அதே பிரிவு கதவைத் திறந்து வைத்தது. மறு ஆண்டு வந்த இந்து இளவர், காப்பாளர் சட்டம், பிள்ளையின் நலமே எல்லாவற்றுக்கும் மேல் என்றது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டும் சேர்ந்துதான் இன்று வரும் முக்கால்வாசி வாதத்துக்கு அடிப்படை.

அந்தச் சென்னை வழக்கு ரோசி ஜேக்கப் வழக்கு. கிறிஸ்தவக் குடும்பம், கணவர் வக்கீல், மூன்று பிள்ளைகள். உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஒருவிதமாகச் சொன்னார், அமர்வு இன்னொருவிதமாகச் சொன்னது, உத்தரவுகள் மாறிமாறி வந்தன. 1973இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டுவா எழுதிய தீர்ப்பு, பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று கடிந்துகொண்டது. பிள்ளைப் பொறுப்பு குறித்த எந்த உத்தரவும் இயல்பிலேயே தற்காலிகமானது; பிள்ளை வளர வளரத் தேவை மாறும், சூழ்நிலை மாறும், அப்போது உத்தரவையும் திருத்தலாம் என்றது. இருதரப்புச் சம்மதத்தோடு வந்த உத்தரவுக்கும் இது பொருந்தும். பெசன்ட் வழக்கு பிள்ளையைக் கேட்கச் சொன்னது என்றால், ரோசி ஜேக்கப் வழக்கு மறுபடியும் கேட்கலாம் என்றது.

இப்போது கும்மிடிப்பூண்டிக்கு வருவோம்.

சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் ஓர் அப்பாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு வாரம் காலை ஆறு மணி, மறு வாரம் மதியம் இரண்டு மணி, அதற்கடுத்த வாரம் இரவு பத்து மணி. அம்மாவுக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை, திருவள்ளூரில் வாடகை வீடு. விவாகரத்தின்போது பையனுக்கு ஆறு வயது. அம்மாவிடம் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்கலாம் என்று முடிந்தது. இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான், ஆனால் இரண்டு ரயில் பாதை. ஒன்று வடக்கே, இன்னொன்று மேற்கே. சென்னைக்கு வந்து மாற வேண்டும், இல்லாவிட்டால் பெரியபாளையம் வழியாக பஸ். அப்பாவுக்கு வார லீவு எப்போதும் ஞாயிற்றுக்கிழமை வராது. ஆறு வருஷம் போகிறது. பையனுக்குப் பன்னிரண்டு. ஒரு நாள், "நான் அப்பாகூட இருக்கேன்" என்கிறான். மாறுமா?

மாறலாம். பிள்ளை வாயைத் திறந்ததும் மாறிவிடாது, அவ்வளவுதான். உத்தரவிட்ட நீதிமன்றத்திலேயே மாற்றக் கோரி மனுப் போட வேண்டும். பிள்ளையின் விருப்பம் அந்த மனுவின் கதவைத் திறக்கும். உள்ளே போனபின் மற்றக் கேள்விகள் வரிசையில் நிற்கும். நைட் ஷிப்ட் வாரத்தில் ராத்திரி பையனோடு யார்? பாட்டி இருக்கிறாரா? பள்ளியை நடு வருஷத்தில் மாற்றுவதா? ஏன் வர ஆசைப்படுகிறான்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பாதி வழக்கு தீர்ந்துபோகும். புது மொபைல் வாங்கித் தருவதாகச் சொன்னார் என்பது ஒரு பதில். அம்மா வேலைக்குப் போனபின் வீட்டில் இருக்கும் ஆள் அடிக்கிறார் என்பது வேறு பதில். அப்பாவோடு ஃபுட்பால் ஆடலாம் என்பதும் ஒரு பதில்தான். அற்பமாகத் தோன்றும், பன்னிரண்டு வயதில் அது அற்பமில்லை.

பெரும்பாலும் நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார்; அப்பா, அம்மா, வக்கீல் எல்லோரும் வெளியே. கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கி, யார் நல்லவர் என்று கேட்பதில்லை. ஸ்கூல் எப்படி, யார் சாப்பாடு கட்டுகிறார்கள், ராத்திரி யார் பக்கத்தில் படுப்பாய், சண்டை வந்தால் யாரிடம் ஓடுவாய் என்ற ரீதியில் பேச்சுப் போகும். பெரிய கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கும். மனப்பாடம் செய்து வந்த பிள்ளை, பெரியவர்கள் பேசும் சொல்லைப் பேசும். அதைக் கண்டுபிடிக்க நீதிபதிக்கு அதிக நேரம் ஆகாது.

கேட்கத் தவறினால் என்ன ஆகும் என்று 2008இல் மறுபடியும் பார்த்தோம். நில் ரத்தன் குண்டு வழக்கு. மகள் இறந்துபோனார், அந்தச் சாவு தொடர்பாக மருமகன் மீது கிரிமினல் வழக்கு. பேரன் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர் என்று கீழ் நீதிமன்றமும் கல்கத்தா உயர் நீதிமன்றமும் பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்தன. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிள்ளையின் விருப்பத்தை அறியாமலே முடிவெடுத்தது தவறு என்றது.  பெசன்ட் வழக்கில் இல்லாத ஒன்றை நீதிபதிகள் அங்கே செய்தார்கள்: தாங்களே அவனை அறைக்கு அழைத்துக் கேட்டார்கள். தகப்பனிடம் போக மாட்டேன் என்றான். தாத்தா பாட்டியிடமே இருந்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2017இல் விவேக் சிங் வழக்கில், இரண்டு வயது நிரம்பும் முன்பே தாயைப் பிரிந்து தகப்பனிடம் வளர்ந்த எட்டு வயதுச் சிறுமி தகப்பனோடு ஒட்டிக்கொண்டாள். நீதிபதி சிக்ரி அந்த விருப்பத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தாயோடு வாழ்ந்தே பார்க்காத பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம். பிள்ளையைத் தாயிடம் கொடுத்தார். ஒரு பெற்றோர் மற்றவர் மீது வெறுப்பை ஊட்டி வளர்க்கும் நிலையைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசியது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை எதைச் சொன்னாலும், ‘சொல்லிக்கொடுத்துச் சொல்கிறது’ என்று எதிர்த்தரப்பு வாதிடுவது வழக்கமாகிப்போனது. 2024இல் ராணுவ அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. வெறுப்பூட்டினார் என்று முத்திரை குத்தும் முன் எந்தச் செயலால் ஊட்டினார் என்று காட்ட வேண்டும் என்றது. பிள்ளைகளின் விருப்பத்தையும் கணக்கில் எடுத்துத் தகப்பனிடமே விட்டது. தகப்பனிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து தகப்பனுக்கும் போன இந்தத் தீர்ப்புகளைப் பார்த்துச் சிலர் குழப்பம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரிவி கவுன்சில் 1914இல் கேட்காமல் விட்ட அந்த இரண்டாவது கேள்வியை, அது உன் சொந்த விருப்பமா என்பதை, இந்த நீதிபதிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெசன்ட் தீர்ப்பின் முதல் சங்கதியான ஊர்ப் பிரச்சினையும் இந்தப் பகுதியில் இன்னும் உயிரோடிருக்கிறது. கும்மிடிப்பூண்டி எல்லையூர், தாண்டினால் ஆந்திரம். சிப்காட்டிலும் செங்கல் சூளைகளிலும் வேலை பார்ப்பவர்களில் ஒடிசா, பிகார் குடும்பங்கள் ஏராளம். சண்டை முற்றியதும் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார். நாலு மாதம் கழித்து வழக்கு எங்கே போடுவது? பிள்ளை ‘வழக்கமாக’ எங்கே குடியிருந்தது என்ற அதே 9ஆம் பிரிவு. பள்ளிச் சேர்க்கைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு இவையெல்லாம் அப்போது பெசன்ட் அம்மையாரின் கப்பல் டிக்கெட் போல முக்கியமான ஆவணங்கள். அவசரமாகப் பிள்ளையை வேறு ஊருக்குக் கொண்டுபோவதாலேயே அது அந்த ஊர்ப் பிள்ளையாகிவிடாது. அதே நேரத்தில், சும்மா இருந்துவிட்டுப் பல வருஷம் கழித்து வந்து பழைய ஊரின் பேரால் உரிமை கேட்பதும் எடுபடாது.

ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. தன்னைப் பாதிக்கும் எந்த நடவடிக்கையிலும் கருத்துச் சொல்ல வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆவது விதி. 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் பிள்ளைப் பொறுப்பு பற்றி விரிவாக எழுதி, 1890ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தப் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

பாதிக்கப்பட்டிருக்கும் பெற்றோர் ஒரு காரியம் செய்யலாம். பிள்ளை இடம் மாற ஆசைப்பட்டால், நீங்களாகக் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொள்ளாதீர்கள். இருக்கும் உத்தரவை மீறிய ஆளாகிவிடுவீர்கள், அப்புறம் பிள்ளையின் நியாயமான ஆசைக்கும் மதிப்பு இருக்காது. மனுப் போடுங்கள், பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நீதிபதியிடம் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது.

நாடாளுமன்றத்துக்கும் ஒரு விண்ணப்பம். 1890இல் எழுதிய 17ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு இன்றைக்கும் ஓர் எழுத்து மாறாமல், பிள்ளையின் விருப்பத்தைக் கவனத்தில் ‘கொள்ளலாம்’ என்றுதான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் போலவே நடத்திவருகிறது. விவரம் தெரிந்த பிள்ளையைக் கேட்காமல் பொறுப்பை மாற்றக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.